1960களின் அமெரிக்கா: விட்டுப்போன விதிப்புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1960களின் அமெரிக்காவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். கென்னடி, கிங், வியட்நாம், ஹிப்பிகள், வுட்ஸ்டாக், நிலவில் கால் பதித்தது என்று எதுவும் விட்டுப்போகவில்லை. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் யார் சுடப்பட்டார்கள், யார் பாடினார்கள் என்று தெரிகிற அளவுக்கு, எது எப்படி மாறியது என்பது அதில் தெரியவில்லை. கூட்டம் கூடியது, தலைவர் முழங்கினார், சட்டம் வந்தது என்று மூன்றே வரியில் கட்டுரை முடித்துக்கொள்கிறது. அந்த மூன்று வரிகளுக்கும் நடுவில் நடந்த வேலை பெரும்பாலும் படிவங்களிலும் அவை விதிகளிலும் ஆய்வாளர்களின் வருகையிலும்தான் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளத்துக்கு மன்னிக்கவும், குறைத்து வெளியிடுவது தங்கள் உரிமை.

முதலில் ஒரு பிழை. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அந்த உரிமை 15ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே 1870லேயே ஏட்டில் வந்துவிட்டது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மையாக உணவகம், விடுதி, திரையரங்கு, வேலைவாய்ப்பு, அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள் ஆகியவற்றைப் பற்றியது. வாக்குரிமைச் சட்டம் என்பது வேறு. 1965 ஆகஸ்ட் 6இல் கையெழுத்தானது. இரண்டும் வேலை செய்த விதமே வேறு.

கிரீன்ஸ்பரோ நகரத்து வுல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேடையில் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்ததைக் கட்டுரை "துணிச்சல்" என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறது. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மாதம் நாஷ்வில் நகரத்தில் நடந்ததைப் பார்த்தால் அதற்குள் இருந்த பயிற்சி தெரியும். அங்கே பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். மெதடிஸ்ட் சபைப் பணிக்காக நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் சில ஆண்டுகள் இருந்து, காந்தியின் முறையைக் கற்றுக்கொண்டு திரும்பியவர். கிங் 1959இல் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் வந்துபோனதை எழுதிய கட்டுரையாளர், லாசன் பெயரை ஓர் இடத்திலாவது சொல்லியிருக்கலாம். தேவாலயக் கட்டடத்தில் நாற்காலிகளைக் கடை மேடைபோல வரிசையாகப் போடுவார்கள். பாதிப் பேர் உட்காருவார்கள். மீதிப் பேர் ரவுடிகளாக நடித்துத் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். கீழே விழுந்தால் தலையை எப்படிக் காப்பது என்பதும் பாடத்தில் உண்டு. பிறகு ஒரு பக்க விதித்தாள்: திருப்பி அடிக்காதே, திட்டாதே, வாய்விட்டுச் சிரிக்காதே, நிமிர்ந்து மேடையைப் பார்த்தே உட்கார், தலைவர் சொல்லாமல் எழாதே, கடை வாசலையும் உள்வழியையும் மறிக்காதே. கடைசி விதியைக் கவனியுங்கள். வழியை மறித்தால் போலீசுக்குச் சட்டப்படியான ஒரு காரணம் கிடைத்துவிடும். அதைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. பிப்ரவரி 27 அன்று 81 பேரைக் கைது செய்தார்கள். ஒரு வரிசையைக் கூட்டிப்போனதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. 50 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். கூடவே ஈஸ்டர் பண்டிகை நேரத்தில் கறுப்பினக் குடும்பங்கள் நகர மையத்துக் கடைகளில் துணிமணி வாங்குவதையே நிறுத்திவிட்டன. மே 10 அன்று கடைகள் மேடைகளைத் திறந்துவிட்டன.

கடைகளைத் திறக்க வைக்கலாம். மேலவையான செனட்டை அப்படித் திறக்க முடியாது. கென்னடி 1963 ஜூனில் அனுப்பி, பிறகு 1964 சட்டமான மசோதாவுக்கு, நாடாளுமன்றமான காங்கிரசில் மூன்று பூட்டுகள் இருந்தன. முதலாவது, பிரதிநிதிகள் சபையின் விதிக் குழு. அதன் தலைவர் வர்ஜீனியாவின் ஹவர்ட் ஸ்மித், மசோதாவை விவாதத்துக்கே விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அதை உடைக்க ஒரு வழி உண்டு: 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் மசோதாவைக் குழுவிலிருந்து பிடுங்கிச் சபைக்குக் கொண்டுவரலாம். கையெழுத்து சேரச் சேர ஸ்மித் இறங்கிவந்தார். 1964 பிப்ரவரி 10இல் 290க்கு 130 என்று மசோதா நிறைவேறியது. இரண்டு நாள் முன்பு அதே ஸ்மித் வேலைவாய்ப்புப் பிரிவில் "பாலினம்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கும் திருத்தம் கொண்டுவந்தார். மசோதாவைக் கவிழ்க்கும் தந்திரம் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். மார்த்தா கிரிஃபித்ஸ் போன்ற பெண் உறுப்பினர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 168க்கு 133 என்று திருத்தம் தேறியது. சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டில், அந்தச் சட்டமே அமைத்த வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வந்த புகார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒற்றைச் சொல்லின் கீழ் வந்தவை. பெண் விடுதலை இயக்கம் பற்றிய தங்கள் பெட்டிச் செய்தியில் இது இல்லாதது பெரிய குறை.

இரண்டாவது பூட்டு செனட்டின் நீதிக் குழு. அதன் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். அந்தக் குழுவுக்குள் போன மசோதா வெளியே வராது என்று தெரிந்த செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட், மசோதாவைக் குழுவுக்கே அனுப்பாமல் நேரே அவைப் பட்டியலில் போட்டுவிட்டார். மூன்றாவதுதான் ஃபிலிபஸ்டர் என்கிற முடிவில்லாப் பேச்சு. மசோதாவை எதிர்த்தவர்களின் தலைவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் தன் 18 தென்மாநில உறுப்பினர்களை ஆறு ஆறு பேராக மூன்று அணியாகப் பிரித்தார். ஓர் அணி பேசும், மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும். பேசுகிறவர்களுக்கு இது சுலபம், கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். எந்த நேரத்திலும் ஒரு தென்மாநிலத்தவர் எழுந்து "கோரம் இருக்கிறதா?" என்று கேட்கலாம். உடனே 51 பேர் அவையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவை கலையும். கலைந்தால் அடுத்த நாள் புதிய "அலுவல் நாள்" ஆகிவிடும். ஒரே அலுவல் நாளில் ஒருவர் ஒரு பொருளில் இரண்டு முறைதான் பேசலாம் என்ற விதி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முந்தைய ஆண்டுகளில் தோற்றது பெரும்பாலும் இங்கேதான்; ஆதரவாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இந்த முறை மசோதாவை அவையில் நடத்திச் சென்ற ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி முறை வைத்துப் பட்டியல் போட்டார்: இன்று யார் வாஷிங்டனை விட்டு நகரக் கூடாது, யார் ஊருக்குப் போகலாம் என்று.

பேச்சை நிறுத்த அப்போது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. நூறு பேரும் வந்திருந்தால் 67. ஜனநாயகக் கட்சிக்கு அவையில் 67 இடம் இருந்தது. ஆனால் தென்மாநிலத்தவர் போக மிஞ்சியது போதாது. ஆகவே குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் கேட்ட திருத்தங்களுக்கு இடம் கொடுத்தார்கள். 1964 ஜூன் 10 காலை, எதிர்ப்பாளர் ராபர்ட் பேர்ட் 14 மணி 13 நிமிடம் பேசி முடித்த பிறகு வாக்கெடுப்பு. மூளைக் கட்டியால் பேச முடியாமல் போயிருந்த கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள், சக்கர நாற்காலியில் வந்து கண்ணைச் சுட்டிக்காட்டி ஆதரவு தெரிவித்தார். 71க்கு 29. ஜனநாயகக் கட்சியில் 67 பேரில் 44 பேர், குடியரசுக் கட்சியில் 33 பேரில் 27 பேர் ஆதரவு. கென்னடிக்குப் பின் அதிபரான ஜான்சனைக் குறித்து "ஜான்சனின் கட்சி நிறைவேற்றியது" என்ற கட்டுரையின் வரியை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டர்க்சனுக்குக் கொடுத்த விலையும் உண்டு: வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, சமரசம் பேச மட்டுமே முடியும். தானாக வழக்குப் போடும் அதிகாரமே அதற்கு 1972இல்தான் கிடைத்தது.

சட்டம் எதன்மேல் நின்றது என்பதும் சுவையான விஷயம். தனியார் கடைக்காரர் காட்டும் பாகுபாட்டை, சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தரும் 14ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் தடுக்க முடியாது, அது மாநில அரசின் செயலைத்தான் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1883லேயே சொல்லிவிட்டது. அதனால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் மேல் சட்டத்தைக் கட்டினார்கள். பர்மிங்ஹாமில் ஆலிஸ் பார்பெக்யூ என்ற குடும்ப உணவகம், தனக்கு வெளிமாநில வாடிக்கையாளரே இல்லை என்று வாதிட்டது. நீதிமன்றம் வாடிக்கையாளரை விட்டுவிட்டு இறைச்சியைப் பார்த்தது. ஆண்டுக்குச் சுமார் 1,50,000 டாலருக்கு உணவுப்பொருள் வாங்குகிறார்கள். அதில் ஏறத்தாழ 70,000 டாலர் இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வந்தது. 1964 டிசம்பர் 14இல் தீர்ப்பு ஒருமனதாக வந்தது. மனித மாண்பு ஓர் இறைச்சி ரசீதின் மேல் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தாங்கியது.

இதைவிட ஓசையில்லாமல் நடந்தது மருத்துவமனை மாற்றம். 1964 சட்டத்தின் ஆறாம் பிரிவு, கூட்டாட்சி அரசின் பணம் வாங்கும் எவரும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1966 ஜூலை 1இல் தொடங்கவிருந்தது. தெற்கத்திய மருத்துவமனைகளுக்கு அந்தப் பணம் வேண்டும். ஆகவே அரசு சொன்னது: உறுதிமொழித் தாள் போதாது, வார்டு கலந்திருக்க வேண்டும். ஆய்வாளர்கள் நேரில் போய் ஒரே அறையில் இரு இனத்தவரும் படுத்திருக்கிறார்களா, கறுப்பின மருத்துவர்களுக்கு அங்கே சிகிச்சை அளிக்கும் அனுமதி உண்டா, சாப்பாட்டு அறை ஒன்றா இரண்டா என்று பார்த்தார்கள். ஆய்வு நாளன்று மட்டும் நோயாளிகளை இடம் மாற்றி வைத்து ஏமாற்றிய இடங்களும் உண்டு. உள்ளூர்க் கறுப்பின ஊழியர்கள் காதும் காதும் வைத்தாற்போல் தகவல் கொடுத்து அதைப் பிடித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் பெரும்பாலான மருத்துவமனைகளில் தனி வார்டு போய்விட்டது. ஒரு பேரணி இல்லை, ஒரு பாட்டு இல்லை. ஓட்டை எங்கே என்றால், தனியார் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் இந்தப் பிரிவுக்குள் வராது என்று அரசே விளக்கம் கொடுத்துவிட்டது. அதனால் மருத்துவமனை வார்டு கலந்த பின்னும் அதே ஊர் டாக்டரின் காத்திருப்பு அறை இரண்டாகவே கிடந்தது.

இனி வாக்குரிமை. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவுசெய்ய 1960களின் தொடக்கத்தில் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற பிரிவின் அலுவலகத்தில் 21 கேள்விகள் கொண்ட படிவத்தைத் தன் கைப்பட நிரப்ப வேண்டும். மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் பதிவு அலுவலர் காட்டும் ஒன்றைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு அதன் பொருளை "நியாயமாக" விளக்கி எழுத வேண்டும். குடிமகனின் கடமைகளைப் பற்றியும் ஒரு பத்தி. எது நியாயமான விளக்கம் என்று முடிவு செய்பவர் அந்த ஒரே அலுவலர். வெள்ளையருக்கு ஒரே வாக்கியத்தில் முடியும் பிரிவு வரும். கறுப்பினத்தவருக்கு நிறுவன வரிச் சட்டம் போல ஒன்று வரும். 1962 முதல் விண்ணப்பித்தவர் பெயரை இரண்டு வாரம் உள்ளூர்ச் செய்தித்தாளில் போட வேண்டும் என்று சட்டம். முதலாளியும் வீட்டுக்காரரும் பார்க்கத்தான். தோட்டத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர் 1962 ஆகஸ்ட் 31இல் இண்டியனோலாவுக்குப் போய் விண்ணப்பித்தார். அன்று மாலையே 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் மேலே, வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரி ஆண்டுக்கு 2 டாலர், இரண்டு ஆண்டு ரசீதோடு.

பக்கத்து அலபாமாவில் நேரமே ஆயுதம். செல்மா இருக்கும் டல்லஸ் கவுண்டியில் பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டு திங்கள்கிழமைகள்தான் திறக்கும். வாக்களிக்கும் வயதில் ஏறத்தாழ 15,000 கறுப்பினத்தவர் இருந்த அந்தக் கவுண்டியில் பதிவானவர்கள் சில நூறு பேரே. வழக்குப் போட்டு ஒரு தேர்வை நீக்கினால் மாநிலம் வேறொரு தேர்வைக் கொண்டுவரும், மறுபடி வழக்கு. 1957, 1960, 1964 குடிமை உரிமைச் சட்டங்கள் மூன்றும் சிக்கிக்கொண்ட இடம் இது. எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் 1965 மார்ச் 7 அன்று விழுந்த தடியடியைத் தங்கள் கட்டுரை நன்றாகவே விவரித்திருக்கிறது. அதன் பிறகு வந்த சட்டம் ஏன் பலித்தது என்பதுதான் இல்லை. அது வழக்கை நம்பவில்லை. ஒரு வாய்ப்பாடு வைத்தது: 1964 நவம்பர் 1 அன்று எழுத்தறிவுத் தேர்வு போன்ற ஒன்று இருந்ததா? வாக்களிக்கும் வயதினரில் அன்று பதிவாகியிருந்தவர்களோ, அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் வாக்களித்தவர்களோ பாதிக்கும் குறைவா? இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் அங்கே தேர்வு தானாகவே ரத்து. தேவைப்படும் இடத்துக்கு வாஷிங்டன் தன் சொந்தப் பதிவாளர்களை அனுப்பலாம். சில நாட்களிலேயே அனுப்பியது. ஐந்தாம் பிரிவு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அந்த இடங்களில் தேர்தல் விதி எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை அடுத்த தெருவுக்கு மாற்றினாலும்கூட, முன்கூட்டியே வாஷிங்டனின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கூட்டாட்சி நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்கு 60 நாள் கெடு. பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்தின் தலையில். மிசிசிப்பியில் பதிவான கறுப்பின வாக்காளர் 6.7 சதவீதத்திலிருந்து 1967க்குள் 59.8 சதவீதமானது இதனால்தான். 2013இல் உச்ச நீதிமன்றம் ஷெல்பி கவுண்டி வழக்கில் அந்த வாய்ப்பாட்டைப் பழையது என்று அடித்தது. ஐந்தாம் பிரிவு புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, பொருந்துவதற்குத்தான் ஓர் இடமும் இல்லை.

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுக்க வந்த 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இதற்கு நேர்மாறு. கிங் ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், ஏப்ரல் 11இல் கையெழுத்தானது. புகார் வந்தால் அமைச்சகம் இரு தரப்பையும் அழைத்துப் பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பல் வைத்தது 1988இல். இருபது ஆண்டு தாமதம்.

வியட்நாம் பற்றி ஒரு பக்கமே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மாணவர்களைத் தெருவுக்குத் தள்ளிய இயந்திரத்தைப் பற்றி ஒரு வரிதான்: "கட்டாய ராணுவச் சேவை". யாருக்குக் கட்டாயம் என்பதில்தான் கதையே இருக்கிறது. 1963 முடிவில் வியட்நாமில் ஏறத்தாழ 16,000 அமெரிக்கர். 1969 ஏப்ரலில் 5,43,000. இந்த ஆட்களைத் தேர்ந்தெடுத்தவை நாடு முழுவதும் இருந்த சுமார் 4,000 உள்ளூர் வாரியங்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, யார் 1-ஏ, அதாவது உடனே அனுப்பத்தக்கவர், யார் 2-எஸ், அதாவது மாணவர் என்பதால் தள்ளிவைக்கப்பட்டவர் என்று வகைப்படுத்தினார்கள். தெற்கின் சில மாநிலங்களில் 1966 வரை அந்த வாரியங்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. கல்லூரிக்கு முழுநேரம் கட்டணம் கட்ட முடிந்தவன் தப்பினான். பகலில் வேலைபார்த்து இரவில் படித்தவன் சிக்கினான். 1966இல் மாணவர்களுக்கும் ஒரு வடிகட்டி வந்தது: வகுப்பில் நல்ல தரவரிசை இருக்க வேண்டும், அல்லது தனித் தேர்வில் 70 மதிப்பெண் எடுக்க வேண்டும். அந்த மே மாதம் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் உட்கார்ந்தது தரவரிசையை வாரியங்களுக்குக் கொடுக்காதே என்று கேட்டுத்தான். குறைந்த மதிப்பெண் போட்டால் ஒருவன் போர்முனைக்குப் போவான் என்பது பேராசிரியர்களையும் உலுக்கியது.

இந்த அநியாயத்தைத் தீர்க்கவே 1969 டிசம்பர் 1 இரவு குலுக்கல் நடத்தினார்கள். அதுவும் எப்படிக் கோணலானது என்று பாருங்கள். 366 நீலப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஆண்டின் ஒரு தேதி. ஜனவரியின் 31 குப்பிகளைப் பெட்டியில் போட்டு ஒதுக்கினார்கள்; பிப்ரவரியின் 29ஐப் போட்டுக் கலந்தார்கள்; பிறகு மார்ச்; இப்படியே டிசம்பர் வரை. ஜனவரிக் குப்பிகள் பலமுறை கலக்கப்பட்டன, டிசம்பர்க் குப்பிகள் ஒரே முறை. பெட்டியைச் சில தடவை குலுக்கி, உயரமான கண்ணாடிக் குடுவையில் கொட்டினார்கள். கடைசி மாதங்கள் மேல்பக்கம் தங்கிவிட்டன. எடுத்தவர்கள் பெரும்பாலும் மேலிருந்தே எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14, கடைசியில் வந்தது ஜூன் 8. சரியாகக் கலந்திருந்தால் ஒவ்வொரு மாதத்தின் சராசரி எண்ணும் 183.5ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஜனவரிக்கு 201, மார்ச்சுக்கு 225, நவம்பருக்கு 148, டிசம்பருக்கு வெறும் 121. அந்த முறை 195ஆம் எண் வரை ஆள் எடுத்தார்கள். ஆண்டின் கடைசியில் பிறந்தவனுக்கு ஆபத்து கூடுதல் என்பதைப் புள்ளியியல் தெரிந்தவர்கள் சில வாரங்களிலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். அடுத்த குலுக்கலில் தேதிகளுக்கு ஒரு உருளை, எண்களுக்கு ஒரு உருளை என்று இரண்டு வைத்துத் திருத்திக்கொண்டார்கள். பழைய எண்களை மட்டும் மாற்றவில்லை. புள்ளியியல் பாடத்தில் இன்றும் இது எடுத்துக்காட்டு.

ஜனநாயகக் கட்சியின் 1968 சிகாகோ மாநாட்டின் தடியடிப் படம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது. மண்டபத்துக்குள் நடந்தது இன்னும் முக்கியம். கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் ஒன்றில்கூட நிற்காத ஹம்ஃப்ரி வேட்பாளரானார். ஏனென்றால் அப்போது பெரும்பாலான மாநிலங்களில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் கட்சி நிர்வாகிகள்தான். சில இடங்களில் அந்தத் தேர்வு தேர்தல் ஆண்டு பிறக்கும் முன்பே முடிந்திருந்தது. அந்தக் கோபத்தைத் தணிக்க அமைத்த குழு எழுத்துமூல விதி, அதே ஆண்டில் தேர்வு, பெண்கள், இளைஞர், சிறுபான்மையினருக்கு இடம் என்று கட்டளையிட்டது. 1972 முதல் மாநிலங்கள் முதல்நிலைத் தேர்தலுக்கு மாறத் தொடங்கின. இன்று ஒன்றரை ஆண்டு ஓடும் அமெரிக்க வேட்பாளர் போட்டி அங்கே பிறந்தது.

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரே சட்டத்தைக் கட்டுரை தொடவே இல்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். 1965 அக்டோபர் 3 அன்று விடுதலைச் சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு 100 பேர், பிரிட்டனுக்கு 65,000க்கு மேல். ஆசியர்களுக்குப் பிறந்த நாடு பார்க்காமல் பூர்விகம் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்த தமிழர் விண்ணப்பித்தாலும் இந்தியாவின் அந்த நூற்றில்தான் சேர்ப்பார்கள். புதிய சட்டம் கிழக்கு அரைக்கோளத்துக்கு மொத்தம் 1,70,000, எந்த நாட்டுக்கும் 20,000க்கு மேல் இல்லை என்று மாற்றியது. முழு நடைமுறைக்கு வந்தது 1968 ஜூலை 1. உள்ளே ஏழு படிகள் இருந்தன. குடும்ப உறவுகளுக்கு மொத்தம் 74 சதவீதம், அதில் குடிமக்களின் உடன்பிறந்தோருக்கு மட்டும் 24. மருத்துவர், பொறியாளர் போன்ற தொழில் வல்லுநர்களுக்கு 10, தேவைப்படும் பிற தொழிலாளர்களுக்கு 10, அகதிகளுக்கு 6. குடும்பத்துக்கு இவ்வளவு பங்கு கேட்டவர் ஒஹையோவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மைக்கேல் ஃபீகன். அவருடைய கணக்கு எளிது: அமெரிக்காவில் இருப்பவர்கள் ஐரோப்பியர், அவர்கள் கூப்பிடப்போவதும் ஐரோப்பிய உறவினர்களைத்தான். ஆனால் ஐரோப்பா அப்போது செழித்துக்கொண்டிருந்தது, கிளம்ப ஆளில்லை. 10 சதவீத வழியில் வந்த இந்திய, கொரிய, ஃபிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் குடிமக்களானதும் 24 சதவீத வழியில் அண்ணன் தம்பிகளை அழைத்தார்கள். தலைகீழாகிவிட்டது.

அதே சட்டத்தின் மறுபக்கம் மெக்சிகோ. மேற்கு அரைக்கோளத்துக்கு அதுவரை எண்ணிக்கை வரம்பு கிடையாது; புதிதாக 1,20,000 வைத்தார்கள். பிரசேரோ என்ற பண்ணைத் தொழிலாளர் ஒப்பந்தத்தை 1964 முடிவிலேயே நிறுத்தியிருந்தார்கள். பண்ணைகளுக்கு ஆள் தேவை குறையவில்லை. வரும் வழி மட்டும் சட்டவிரோதமாகிவிட்டது. இன்றைய எல்லைச் சண்டைக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. நாட்டுக்கு நாடு சமம் என்ற அந்த 20,000 விதியின் வாரிசுதான் 1990இல் வந்த 7 சதவீத வரம்பு. சிறிய நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு. சென்னையிலிருந்து போன மென்பொருள் பொறியாளர்கள் கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகளாக நிற்கும் வரிசை இதுதான்.

கடைசியாக, வுட்ஸ்டாக் இசைவிழா பற்றிய தங்கள் படக்குறிப்பில் ஒரு திருத்தம். அது வுட்ஸ்டாக்கில் நடக்கவில்லை. வால்கில் என்ற ஊரில் நடப்பதாக இருந்தது. அந்த ஊர் 5,000 பேருக்கு மேல் கூட அனுமதி வேண்டும் என்று விதி போட்டு, 1969 ஜூலை நடுவில் அனுமதி மறுத்துவிட்டது. ஒரு மாதமே இருக்கையில் பெத்தெல் என்ற இடத்தில் மேக்ஸ் யாஸ்கரின் பால் பண்ணைக்கு மாற்றினார்கள். மேடை கட்டுவதா, வேலியும் டிக்கெட் வாசலும் கட்டுவதா, இரண்டுக்கும் நாள் போதாது என்ற நிலை. மேடையைக் கட்டினார்கள். வேலி முடியவில்லை. நான்கு லட்சத்துக்கு மேல் கூட்டம் உள்ளே வந்தபின் டிக்கெட் கேட்க வழியில்லாமல்தான் விழாவை இலவசம் என்று அறிவித்தார்கள். படக்குறிப்பில் "பணத்தை மறுத்த தலைமுறை" என்று போட்டிருக்கிறீர்கள். முன்கூட்டியே 1,86,000 டிக்கெட் விற்றிருந்தது.

இப்படிக்கு,
அமெரிக்க வரலாறு கற்பிக்கும் வாசகர்கள் இருவர்,
மதுரை.